பி.ஏ. முடிக்க எத்தனை வருஷம்?

என் தாயாருக்குத் தமையனார் ஒருவர் இருந்தார். குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும்போதெல்லாம் அவர் பெயரால் ஒரு சங்கடம் உண்டாகும். மற்ற உறவினர் பெயர்களுக்குப் பின்னால் பி.ஏ., பி.காம்., பி.ஈ. என்று ஏதாவது வால் ஒன்று தொங்கும். மாமாவின் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கும். அவர் கல்லூரிக்குப் போகாதவர் அல்ல. பி.ஏ. வகுப்பில் மூன்று வருஷமும் உட்கார்ந்து எழுந்து வந்தவர்தாம். 1970-ஆம் வருஷம் வெளியே வந்தபோது ஒரே ஓர் இங்கிலீஷ் பேப்பர் பாக்கி நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

1972-இல் என் பெரியம்மாவின் கல்யாணம். பத்திரிகை எழுத உட்கார்ந்தபோது தாத்தா, "பி.ஏ. என்றே போட்டுவிடேனடா! எவன் வந்து சர்டிபிகேட்டைக் காட்டு என்று கேட்கப் போகிறான்?" என்றாராம். மாமா சம்மதிக்கவில்லை. "பாஸ் பண்ணிவிட்டுப் போட்டுக்கொள்கிறேன், அப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன் நடந்தவை. அம்மா சொல்லக் கேட்டவை.

பி.ஏ. முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று இன்று தெருவில் போகிற யாரைக் கேட்டாலும், "மூன்று வருஷம்" என்று பளிச்சென்று பதில் வரும். நானோ இரண்டு வருஷம் கல்லூரியில் இருந்துவிட்டு, மூன்றாவதைப் பார்க்காமலே வெளியே வந்து கதை எழுதத் தொடங்கியவன். ஆகையால் இந்தக் கணக்கில் எனக்கு எப்போதும் ஒரு தனி அக்கறை உண்டு. பழைய விஷயங்களைப் புரட்டிப் பார்க்கப் பார்க்க, சர்வகலாசாலை சொல்லுகிற கணக்கு ஒன்று, மனிதர்களின் வாழ்க்கை சொல்லுகிற கணக்கு வேறொன்று என்பது தெரிய வந்தது.

நம் நாட்டில் இந்தக் கணக்கு ஆரம்பமானது 1857-ஆம் வருஷம். வடக்கே சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய அதே வருஷத்தில், கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் மூன்று சர்வகலாசாலைகளைக் கும்பினியார் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். சென்னைக்கு உரிய சட்டம் செப்டம்பர் 5-ஆம் தேதி வந்தது. சர்வகலாசாலை என்றதும் பெரிய கட்டடமும் மரத்தடியும் புரொபஸர்களும் நம் மனக்கண் முன் வரும். அன்று அப்படி ஒன்றும் கிடையாது. லண்டன் சர்வகலாசாலையைப் பார்த்துச் செய்த அமைப்பு அது. பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் வேலை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டுமே சர்வகலாசாலையின் வேலை. சுருக்கமாகச் சொன்னால், அது ஒரு தராசுக் கடை. சரக்கு வேறிடத்திலிருந்து வரும். இங்கே நிறுத்துப் பார்த்து முத்திரை குத்துவார்கள்.

கடை திறந்த புதிதில் ஒரு வேடிக்கை நடந்தது. வருஷக்கணக்காக எங்கெங்கோ படித்துத் தேர்ந்தவர்கள், முத்திரை குத்த ஆள் இல்லாமையால் பட்டமின்றி இருந்தார்கள். இவர்களுக்குப் பி.ஏ. என்பது வெகு சீக்கிரத்தில் கிடைத்துவிட்டது. வங்காளத்துப் பங்கிம் சந்திர சட்டர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தா சர்வகலாசாலையின் முதல் பிரவேசப் பரீட்சையை 1857-இல் தேறினார். அடுத்த வருஷமே, 1858-இல், முதல் பி.ஏ. பரீட்சை. எழுதினவர்களில் தேறியவர்கள் இரண்டே பேர்: பங்கிம் ஒருவர், யதுநாத் போஸ் மற்றொருவர். அவர்களும் ஒரு பாடத்தில் சில மார்க்குகள் குறைந்துதான் போனார்கள். அதிகாரிகள் கருணை வைத்து, குறைந்த மார்க்கைப் போட்டுத் தூக்கிவிட்டார்கள். இந்திய நாவலாசிரியர்களுக்கெல்லாம் முன்னோடி என்று நாம் கொண்டாடுகிறவர் கருணை மார்க்கில் பி.ஏ. ஆனவர் என்ற செய்தியைப் படித்தபோது, தொழிலில் பின்னால் வந்தவன் என்ற முறையில் எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது. பி.ஏ.க்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்ட அவர், டெபுடி மாஜிஸ்ட்ரேட் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டப் பட்டம் வாங்கியது 1869-இல். அதற்குப் பதினோரு வருஷம்!

சென்னையில் நடந்தது இன்னும் ருசியான கதை. இங்கே முதல் பி.ஏ. பட்டம் பெற்றவர்கள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை; மற்றவர் கரோல் விசுவநாத பிள்ளை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் 1823-இல் ஸ்தாபித்த செமினரியில் வளர்ந்தவர்கள். கணிதமும் வான சாஸ்திரமும் தமிழும் இங்கிலீஷும் அங்கே வெகு ஆழமாகச் சொல்லிக் கொடுத்தார்கள்; ஆனால் பட்டம் கொடுக்க அதிகாரம் இல்லை. அந்தச் செமினரியில் விசுவநாத பிள்ளை ஆசிரியர். தாமோதரம் பிள்ளை அவரிடம் படித்த மாணவர். இருவரும் கடல் கடந்து சென்னைக்கு வந்து, குருவும் சிஷ்யனும் ஒரே பரீட்சையை எழுதி, ஒன்றாகத் தேறினார்கள்.

இதில் யாருக்கு எத்தனை வருஷம் என்று சொல்வீர்கள்? காகிதத்தைப் பார்த்தால் சில மாதம். தாமோதரம் பிள்ளை வட்டுக்கோட்டையில் 1852 வரை எட்டு வருஷம் படித்தவர். குருநாதரோ, அதற்கு முன்பே படித்து முடித்து, பல வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு வந்து தம் மாணாக்கனோடு பரீட்சை ஹாலில் உட்கார்ந்தார். அந்தக் காட்சியை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மணி அடித்ததும் பேனாவை எடுக்குமுன் குரு சிஷ்யனைத் திரும்பிப் பார்த்திருப்பாரா? சிஷ்யன் தலையைக் குனிந்துகொண்டிருப்பானா?

தாமோதரம் பிள்ளை 1871-இல் பி.எல். தேறினார். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். ஆனால் தமிழர்கள் அவரை நினைப்பது தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டுச் சுவடியிலிருந்து எடுத்து அச்சில் ஏற்றியதற்காக. அந்த வேலைக்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை.

இந்த முதல் வரிசைக்குப் பிறகுதான் வருஷக் கணக்கு இறுகியது. முதலில் மெட்ரிகுலேஷன். அதன் மேல் இரண்டு வருஷம் படித்து எப்.ஏ. என்கிற பரீட்சை, 1860-களில் நடுவே செருகிய படி இது. அதன் மேல் இன்னும் இரண்டு வருஷம் பி.ஏ. ஆக மெட்ரிகுலேஷனுக்கு அப்பால் நாலு வருஷம் என்பது சட்டம். சட்டப்படி நடந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒவ்வொரு படியிலும் தேறினவர்களைவிடத் தவறினவர்கள் அதிகமாக இருப்பது சர்வ சாதாரணம். உத்தியோகச் சந்தையில் தவறியதற்கும் ஒரு விலை இருந்தது என்பதுதான் விசேஷம். மனுப் போடுகிறவர்கள் "எப்.ஏ. பெயில்", "பி.ஏ. பெயில்" என்று கூசாமல் எழுதினார்கள். மெட்ரிகுலேஷன் தேறியவனைவிட எப்.ஏ. தவறியவன் ஒரு படி மேல் அல்லவா? இரண்டு வருஷம் உட்கார்ந்து கேட்டவன் ஆயிற்றே! கல்யாணச் சந்தையிலும் இதே கணக்குத்தான்.

இவ்வளவு பேர் எங்கே விழுந்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் இங்கிலீஷில் விழுந்தார்கள். கணக்கிலோ சரித்திரத்திலோ புலியாக இருந்தாலும், அந்நிய பாஷையில் போதிய மார்க் வாங்காவிட்டால் ஆள் மொத்தமாகத் தவறியவன். எல்லாப் பாடமும் தேறினால்தான் தேறியது என்கிற அந்த விதி செய்த வேலைக்கு, உலகம் அறிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார்.

சீனிவாச ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணக்கில் மூழ்கினவருக்கு மற்றப் பாடங்கள் கண்ணில் படவில்லை. இங்கிலீஷில் மார்க் குறைந்தது. உபகாரச் சம்பளம் நின்றது. சம்பளம் கட்டிப் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. தகப்பனார் ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளை. 1905-இல் பையன் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். திரும்பி வந்து, 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் எப்.ஏ. இம்முறை உடற்கூறு சாஸ்திரம் என்று ஒரு பாடம் குறுக்கே நின்றது. அதை அவர் கண்டாலே பிடிக்காது. நடுவில் நோய் வேறு. பரீட்சை எழுதினார், தவறினார். 1907-இல் தனியாக மறுபடி எழுதினார், மறுபடியும் தவறினார். கணக்கு ஒழிய மற்றதெல்லாம் காலை வாரிவிட்டன.

அதன் பிறகு அவர் கழித்த வருஷங்களை நினைத்தால் நெஞ்சு பதறும். 1909-இல் கல்யாணம் ஆகிவிட்டது. கையில் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, "ஏதாவது ஓர் உத்தியோகம்" என்று பெரிய மனிதர் வீடுகளில் ஏறி இறங்கினார். 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய். எப்.ஏ. தவறிய குமாஸ்தாக்கள் அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவரும் அவர்களில் ஒருவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் துறைமுகத்தில் குமாஸ்தா என்பதையும், சர்வகலாசாலைப் படிப்பு தமக்கு வாய்க்கவில்லை என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

ஹார்டி வியந்து பதில் எழுதிய பிறகு சென்னையும் விழித்துக்கொண்டது. மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் விதிப்படி அது எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. இவரோ எப்.ஏ.யே தவறியவர்! விதியை விலக்கி வழி செய்தார்கள். சீமைக்குப் போனதும் அங்கேயும் அதே கதை. ஆராய்ச்சி மாணவராகப் பதிவு செய்துகொள்ள ஏதாவது சர்டிபிகேட் வேண்டும் என்றது கேம்பிரிட்ஜ் சட்டம், அதையும் தளர்த்தினார்கள். 1916 மார்ச் மாதம், எண்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜில் பி.ஏ. பட்டம் கொடுத்தார்கள். பிஎச்.டி. என்ற பட்டம் அப்போது அங்கே இன்னும் ஏற்படவில்லை. 1918-இல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிக்கொண்டது. 1920 ஏப்ரலில் அவர் காலமானபோது வயது 32.

கும்பகோணத்தில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால், ராமானுஜனுக்குப் பி.ஏ. முடிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. பட்டம் பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தவை நாலே வருஷங்கள். பன்னிரண்டில் ஐந்தை, 1907 முதல் 1912 வரை, நாம் கேட்பாரற்று அலைய விட்டோம். உடற்கூறு சாஸ்திரத்தில் பத்து மார்க் கூடுதலாக வந்திருந்தால் அந்த ஐந்தும் மிஞ்சியிருக்குமோ என்னவோ; அல்லது நல்ல கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும் நமக்குக் கிடைத்திருப்பாரோ, அதுவும் தெரியாது.

அதே கும்பகோணம் கல்லூரியில், ராமானுஜன் சேருவதற்குக் கொஞ்சம் முன்வரை, தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர். 1880 முதல் 1903 வரை அங்கே பாடம் சொன்னார். பி.ஏ. பிள்ளைகளை பி.ஏ. ஆக்கி அனுப்பியவருக்குத் தாம் எழுதித் தேறிய பரீட்சை ஒன்றுகூடக் கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலடியில் இருந்து பாடம் கேட்டதுதான் அவர் படிப்பு. அங்கே வருஷக் கணக்கு இல்லை. குரு இருக்கும்வரை பாடம். 1876-இல் பிள்ளையவர்கள் காலமானபோதுதான் அது முடிந்தது. சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது 1932-இல். அப்போது ஐயருக்கு வயது 77.

ஆண்கள் கதை கிடக்கட்டும். சகோதரி சுப்பலட்சுமி அம்மாளுக்கு எத்தனை வருஷம் என்று எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? 1886-இல் பிறந்தவர், குழந்தைப் பருவத்தில் கல்யாணம், கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கைம்மை. மூலையில் உட்கார வேண்டிய பெண்ணைத் தகப்பனார் உட்கார வைத்துப் பாடம் சொன்னார். ஊராரின் வசையைக் காதில் வாங்காமல், பிறகு கன்னிமாடத்துப் பள்ளிக்கும் மாநிலக் கல்லூரிக்கும் அனுப்பினார். 1911-இல் அம்மாள் பி.ஏ. தேறினார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து ஸ்திரீ அவர்தாம். அம்மாள் வகுப்பில் இருந்த வருஷங்களை எண்ணினால் மற்றவர்களைப் போலத்தான். சர்வகலாசாலை பிறந்த வருஷத்திலிருந்து எண்ணினாலோ, 54 வருஷம்! மறு வருஷமே தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு அவர்களைப் படிக்க வைக்க ஆரம்பித்துவிட்டார்.

இதற்கிடையில் கமிட்டிகளும் கமிஷன்களும் சும்மா இருக்கவில்லை. எப்.ஏ. போய் இண்டர்மீடியட் வந்தது. மெட்ரிகுலேஷன் போய் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. 1917-இல் கூடிய ஸாட்லர் கமிஷன், பி.ஏ. மூன்று வருஷம் இருக்கட்டும் என்றது. 1948-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் கூடினவர்களும் அதையே சொன்னார்கள். 1952-இல் நம் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் கமிஷன், இண்டர்மீடியட்டை எடுத்துவிடலாம் என்றது. 1950-களின் நடுவில் சென்னையில் அது போய், பி.யு.சி. என்று ஒரு வருஷப் படிப்பும் அதன் மேல் மூன்று வருஷப் பி.ஏ.யும் வந்தன. கோத்தாரி கமிஷன் சொன்னபடி 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்து, பி.யு.சி.யும் போயிற்று.

இத்தனை மாற்றத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். பழைய முறையில் ஐந்து வகுப்பும் ஆறு பாரமும் சேர்ந்து 11, இண்டர் 2, பி.ஏ. 2, ஆக 15. அடுத்த முறையில் 11, பி.யு.சி. 1, பி.ஏ. 3, ஆக 15. இப்போது 10, 2, 3, ஆக 15. பாயைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கும், கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கும் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். பாயின் நீளம் மாறவில்லை. 2013-இல் டில்லிச் சர்வகலாசாலை நாலு வருஷம் என்று நீட்டிப் பார்த்து, மறு வருஷமே சுருட்டிக்கொண்டது. 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை மறுபடியும் நாலு வருஷத்தைப் பேசுகிறது. அதில் என் கவனத்தை இழுத்தது வேறொரு விஷயம். ஒரு வருஷத்தில் நின்றால் சர்டிபிகேட், இரண்டில் நின்றால் டிப்ளமா, மூன்றில் பட்டம் என்கிறார்கள். "பி.ஏ. பெயில்" என்று நம் முன்னோர்கள் மனுவில் தாங்களே எழுதிக்கொண்டதை இனிச் சர்வகலாசாலையே நல்ல பெயர் வைத்து எழுதிக் கொடுக்கும் போலிருக்கிறது! என்னுடைய இரண்டு வருஷத்துக்கு டிப்ளமா கிடைக்குமா என்று விசாரிக்க எனக்கும் ஆசைதான்.

கல்லூரிப் படியை மிதிக்காமல் பட்டம் பெற்றவர்களும் உண்டு. வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான டாக்டர் மு. வரதராசனார் 1928-இல் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டு, திருப்பத்தூர்த் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகப் போனவர். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அந்த வேலையை விட்டார். பிறகு தாமே படித்து 1935-இல் வித்துவான், 1939-இல் பி.ஓ.எல்., 1944-இல் எம்.ஓ.எல்., 1948-இல் டாக்டர் பட்டம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா 1971-இல் மதுரைச் சர்வகலாசாலைக்குத் துணைவேந்தர் ஆனார். இருபது வருஷம் விடாமல் எழுதிய பரீட்சைகளுக்கு நடுவில்தான் நாவல்களும் எழுதத் தொடங்கினார். இரண்டு வருஷத்தில் களைத்துப்போன எனக்கு இது பொறாமை மூட்டுகிற விஷயம்.

என் மாமாவிடம் அப்படிப்பட்ட மேதை ஒன்றும் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினார். ஏப்ரலில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை லீவு போட்டுவிட்டுப் பரீட்சை எழுதப் போவார். சில தடவை பணம் கட்ட முடியாமல் விட்டுப்போகும். சில தடவை வீட்டில் யாருக்காவது உடம்பு சரியாக இராது. பட்டம் இல்லாததால் ஆபீஸில் இரண்டு தடவை அவரைத் தாண்டி மற்றவர்களுக்குப் பிரமோஷன் போயிற்று. தாத்தா 1977-இல் காலமானார். மாமா 1979 செப்டம்பரில் எழுதிய பேப்பர் தேறிவிட்டது. ரிசல்ட் வந்த அன்று அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார் என்றும், மறுநாள் காலையில்தான் பாட்டியிடம் சொன்னார் என்றும் அம்மா சொல்லுவாள்.

அடுத்த தை மாதம் என் தாயாருக்குக் கல்யாணம். தாத்தா இல்லாததால் மாமாவின் பெயரில்தான் பத்திரிகை அடித்தார்கள். அந்தப் பத்திரிகையை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். நாலு மூலையிலும் மஞ்சள் கறுத்துப் போயிருக்கிறது. மாமாவின் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று இருக்கிறது.

மாமா காலமான பிறகு அவருடைய பீரோவை ஒழித்தபோது, பட்டச் சர்டிபிகேட் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதோடு சேர்த்து ஒரு வெள்ளைக் கயிற்றால் கட்டி 14 ஹால் டிக்கெட்டுகள் வைத்திருந்தார். வருஷப்படி அடுக்கியிருந்தார்.